தேத்தண்ணி கேட்ட வீட்டுக்காரர்

"பைப்பில ஒரு குறையும் இல்லையே தங்கச்சி!"

வீட்டுக்காரர் பாலேந்திரா ஒற்றை விரலால் குசினிப் பைப்பைத் திருகிக் காட்டினார். தண்ணீர் கொட்டியது. அதே விரலால் பூட்டினார்.

மேரிகிறேஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பைப்போடுதான் காலையில் இரண்டு கையாலும் மல்லுக்கட்டியிருந்தாள்.

"இல்லை அண்ணை, சில நேரம் இறுகுது. மேல தூக்கினால் தண்ணி வாற மாதிரி இப்ப பைப் இருக்காம். அப்பிடி ஒண்டு போட்டுத் தந்தால்..."

"நல்லா இருக்கிறதை ஏன் கழட்டுவான்?"

எனக்கு மூட்டுவாதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுதான் அவளுக்கு வாயில் வரவில்லை.

இறைச்சித் தொழிற்சாலைக் குளிரில் வருடக்கணக்காகக் கத்தி பிடித்த கை. கணவர் இறந்தபிறகு டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் இந்த வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். கை ஏலாது என்று இவருக்குத் தெரிந்தால், தனிய இருந்து என்ன செய்யப் போறியள், மகனோடு போய் இருங்கோ என்பார். கோபன்ஹேகனில் இருக்கும் மகன் றொனிஷனுக்குத் தானே போன் போட்டும் சொல்லிவிடுவார். பிறகென்ன, மகன் வீட்டு மூலையில் ஒரு கட்டில். டெனிஷ் மட்டும் பேசும் மருமகள். அதற்கு இந்தத் தனிமையே மேல் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

"சரி அண்ணை, விடுங்கோ. நான் சமாளிக்கிறன்."

அவர் போவார் என்று பார்த்தாள். அவரோ கதிரையை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக இருந்துவிட்டார்.

"ஒரு தேத்தண்ணி போடுங்கோ தங்கச்சி. பால் தேத்தண்ணி."

வீட்டுக்கு வந்த மனிதர் வாய் திறந்து கேட்டபிறகு, ஏலாது என்று எந்தத் தமிழ்ச் சனம் சொல்லும்?

நல்ல காலம், கேத்திலில் தண்ணீர் இருந்தது. கொதித்ததும், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதன் கைப்பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துத் தூக்கினாள். தேயிலைப் போத்தலை நெஞ்சோடு அணைத்து, துணி சுற்றி மூடியைத் திருகினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பிப் பார்த்தால் மனிதர் கதிரையைப் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கடிக்க ஒண்டும் இல்லையோ?"

பிஸ்கற் பேணியின் தகர மூடியைக் கரண்டியால் நெம்பினாள். கை நழுவியது. பேணி விழுந்து பிஸ்கற் சிதறியது. அவர் எழும்பவில்லை.

"அவியுது. அந்த யன்னலையும் ஒருக்காத் திறந்து விடுங்கோ."

வெளியே மார்ச் மாதக் காற்று ஆளைத் தூக்குகிறது. இவருக்கு அவிகிறதாம்! கொளுக்கியை முழங்கையால் இடித்துத் திறந்தாள்.

"குளியலறைக் கதவு பூட்டிக் கிடக்குப் போல. திறந்து விடுங்கோ, கை கழுவவேணும்."

சொந்தமாகக் கையில்லையா இந்த மனிதருக்கு? உருண்டைக் குமிழை இரண்டு மணிக்கட்டாலும் நெரித்துத் திருப்பினாள். வாடகைக்கு இருக்கிறவள் என்றால் வேலைக்காரி என்று நினைப்பு!

இவ்வளவுக்கும் பிறகு அவர் ஒரு வாய் மட்டும் உறிஞ்சிவிட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

"பைப்பில ஒரு பிழையும் இல்லை" என்று வாசலில் நின்றும் சொன்னார்.

அவர் போனதும் அவள் குசினியில் தனியாக இருந்து அழுதாள். ஆரிடமாவது சொன்னால் ஆறும் போலிருந்தது. மகனுக்குப் போன் எடுத்தாள். வேலையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்று டெனிஷில் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். பிறகு எடுக்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு டெனிஷ் வேலையாள் பெட்டியோடு வந்து நின்றான். தூக்கினால் தண்ணீர் வருகிற பைப்பைப் பூட்டினான். அதோடு நிற்கவில்லை. குளியலறைக் கதவின் குமிழைக் கழற்றி, முழங்கையாலும் அழுத்தித் திறக்கிற கைப்பிடி போட்டான். யன்னலுக்கும் புதுப் பிடி. குசினி அலுமாரிக்குக் கீழே, போத்தல் மூடியைச் செருகித் திருப்புகிற ஒரு கருவியையும் பூட்டினான்.

வீட்டை இப்படித் திருத்துவது வேறு ஆளுக்குக் கொடுக்கத்தானே! உடனே பாலேந்திராவுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நான் பைப் மட்டும்தானே கேட்டனான். என்னை எழுப்பிப்போட்டு வேற ஆருக்கும் குடுக்கப் போறியளோ?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்! நீங்கள் விரும்பும்வரைக்கும் இருங்கோ."

"அப்ப ஏன் இவ்வளவும்?"



"பைப் சுகமாச் சுத்திச்சுது. அப்ப நோவு கையிலதான் எண்டு விளங்கிச்சுது. என்ன ஏலாது எண்டு கேட்டால், ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவியள். அதுதான் தேத்தண்ணியைக் கேட்டிட்டு இருந்து பாத்தனான். கோவிக்காதேங்கோ தங்கச்சி, கேத்திலைத் தூக்கேக்க எழும்பி வாங்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பாடு."

அவள் போனை வைத்துவிட்டு அவர் இருந்த கதிரையைப் பார்த்தாள்.

போன மாதம் வந்த றொனிஷனும் அதே கதிரையில் இருந்துதான் இரண்டு தரம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தான். அம்மாவின் கையால் குடிக்கிற மாதிரி வராது என்றும் சொல்லிவிட்டுப் போனான்.