நான்காவது படிவம்

கருக்கலைப்புக்குப் பின் உடல் மோசமாகி வரும் பெண்களின் பெயரையும் முகவரியையும் ஆளுக்கொரு படிவத்தில் எழுதி மருத்துவமனைகள் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. அன்றிலிருந்து அந்த ஊர் மருத்துவமனைக்கு ஒருத்தியும் வரவில்லை. மாதக் கடைசியில் நர்ஸ், ‘வந்தவர்கள்: பூஜ்யம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

மறுநாள் அரசு அலுவலகத்திலிருந்து குமாஸ்தா போன் செய்தார்.

“என்ன சிஸ்டர், பூஜ்யம்னு எழுதிட்டு நாலு படிவம் சேர்த்து வச்சிருக்கீங்க? கணக்குல நீங்க என்னையே மிஞ்சிட்டீங்க.”

“நான் எதுவும் வைக்கலையே சார்.”

“நாலும் உங்க எழுத்துதான்.”

அவர் பெயர்களைப் படித்தார். முதல் மூவரையும் அவளுக்குத் தெரியும். பக்கத்துத் தெருக்காரர்கள். மூவரும் வீட்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனதாக அவர்கள் குடும்பத்தார் சொல்லியிருந்தார்கள். நான்காவது, அவள் தங்கையின் பெயர்.

உடனே தங்கையின் வீட்டுக்கு ஓடினாள். மூன்று நாளாகக் கட்டிலை விட்டு எழவேயில்லை என்றான் தங்கையின் கணவன். மெத்தை ரத்தத்தில் நனைந்திருந்தது.

“ஏன்டி என்கிட்ட சொல்லலை? கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம். சத்தியமா உன் பேரை எழுத மாட்டேன்.”

“நேத்தே வந்தேனேக்கா. நீதானே எழுதினே.”

“நேத்து நீ வரலைடி.”

“திட்டாமகூட எழுதினே. அதிசயம்தான்.” தங்கை சிரித்தாள். உதடுகள் வெளுத்திருந்தன. “உங்க ஆஸ்பத்திரியில கட்டில்தான் ஒண்ணே ஒண்ணு. அதுல படுத்திருந்த மூணு பேரும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாங்க.”