இதோ, பக்கத்துலதான்

"இதோ, பக்கத்துலதான் மாமா. இந்த மேட்டைத் தாண்டினா வந்துடும்."

"நேத்துலேருந்து இதையேதான் சொல்லிட்டிருக்கே. உன் 'பக்கத்துல' பிரேசில்ல இருக்கா தம்பி?"

எவாரிஸ்தோ சேற்றுக்குள் மாட்டிய டயர் செருப்பைப் பிடுங்கி எடுத்தார். மரத்திலிருந்து கொடி, கொடியிலிருந்து பாசி, பாசியிலிருந்து தண்ணீர் என்று காடே அவர் பிடரிக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்படியும் மனிதர் குஷியாக இருந்தார். ருஃபீனோவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

எல்லாம் சோளக்கள்ளுக் கடையில் வந்த வினை. குவளை காலியாகக் காலியாக ருஃபீனோவுக்கு வாய் நீண்டுவிட்டது. "எங்க தாத்தா இந்தக் காட்டுக்குள்ள அந்தக் காலத்து இன்கா ராஜாவோட அரண்மனையையே பார்த்தவரு! வழி எனக்கும் அத்துப்படி!" என்று அளந்துவிட்டான். பக்கத்து பெஞ்சில் இருந்த எவாரிஸ்தோ கப்பென்று பிடித்துக்கொண்டார்.

அதுவரை அவரிடம் பெண் கேட்டுப் போனவர்களுக்கெல்லாம், ருஃபீனோவுக்கும் சேர்த்து, ஒரே பதில்தான். "ஊர்லயே கல்வீடுன்னா எங்க வீடு ஒண்ணுதான். என் பொண்ணு நில்டா மண்சுவருக்குள்ள போய்க் குடித்தனம் பண்ணுவாளா?" ருஃபீனோவின் வீடு மண்சுவர். அதிலும் ஒரு பக்கம் சாய்ந்த மண்சுவர்.

அன்றைக்குக் கடையே கேட்க எவாரிஸ்தோ சொன்னார். "அந்த அரண்மனையைக் காட்டு, பொண்ணைத் தரேன். காட்டலேன்னா அவ பேரை வாயில எடுக்கக்கூடாது." விரல்களைச் சிலுவையாக வைத்து முத்தமிட்டுச் சத்தியமும் செய்தார்.

'சாப்பாட்டு மூட்டை சுமக்க எங்க பலோமாவைக் கூட்டிட்டுப் போங்க' என்று நில்டா சொல்லியனுப்பினாள். பலோமா, எவாரிஸ்தோவின் கோவேறு கழுதை.

இப்போது காட்டுப்பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம், மாப்பிள்ளை ஆகப்போறவரே?"

"அவசரப்படாதீங்க. மலைச்சாமிகிட்ட உத்தரவு கேட்கணும்."

ருஃபீனோ மூன்று கோக்கா இலைகளை விசிறி மாதிரி விரலில் பிடித்து, மலையைப் பார்த்து ஊதினான். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கண்ணை மட்டும் முழுசாக மூடவில்லை. பலோமா இடதுபுறம் திரும்பி நடக்க ஆரம்பித்ததும், "இடது!" என்றான்.

"பாதை பிரியுற இடத்துலயெல்லாம் இப்படி ஊதினா ஊர்ல கோக்காச் செடியே மிஞ்சாதுடா."

"தாத்தா சொல்லிக்கொடுத்த முறை மாமா."

அடுத்த பிரிவில் பலோமா வலதுபுறம் திரும்பியது. எவாரிஸ்தோ கயிற்றைச் சுண்டி இழுத்தார்.

"சனியனே, அங்க என்ன கொட்டி வச்சிருக்கு உனக்கு? இப்படி வா!"

கழுதை அசையவில்லை. ருஃபீனோ அவசர அவசரமாக ஊதினான். "வலதுதான் மாமா. சாமி உத்தரவு!"

எவாரிஸ்தோவின் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் என்ன நினைத்தாரோ, சிரித்தார். "சரி, போவோம். போய்ப் பார்த்தாத்தானே தெரியும்!"

மூடுபனி விலகியபோது ஒரு வெட்டவெளி வந்தது. பலோமா தானாக நின்றது. மலைச்சரிவைப் படிப்படியாகச் சமப்படுத்தியிருந்தார்கள். தரை முழுக்கச் சதுரம் சதுரமாகப் பள்ளங்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர், தண்ணீரில் தவளை. வேறு ஒன்றுமே இல்லை.

"எங்கடா அரண்மனை?" எவாரிஸ்தோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தவளை குளிக்கத் தொட்டி கட்டினதுதான் உங்க தாத்தா பார்த்த இன்கா அரண்மனையா?"

ருஃபீனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். நில்டாவின் முகம் கண்முன் வந்து நின்றது. மழை பிடித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று, அழுதது தெரியவில்லை.

"நட, நட. ஊருக்குப் போய் அதே கடையில எல்லார் முன்னாடியும் தோத்துட்டேன்னு சொல்லு."

எவாரிஸ்தோ கயிற்றை இழுத்தார். பலோமா வரவில்லை. தள்ளினார், திட்டினார், அதன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். வறுத்த சோளத்தைக் காட்டினார். சோளத்தைத் தின்றது, நகரவில்லை. பக்கவாட்டில் நடந்து போய் ஒரு மேட்டை ஒட்டி நின்றுகொண்டு, இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"நேரமாகுது, கிளம்புடி!"

ருஃபீனோ கழுதையைப் பார்த்தான். பள்ளங்களைப் பார்த்தான். புதருக்குள், பள்ளத்தின் அளவுக்கே செதுக்கிய கற்கள் இரண்டு கிடந்தன. கழுதை முதுகில் தொங்கிய சாப்பாட்டு மூட்டைகளைக் காலி செய்து, பக்கத்துக்கு ஒரு கல்லாகப் போட்டான்.

"டேய், தொடாதே! பழைய ஆளுங்க கல்லுடா! தொட்டவனுக்கு எலும்பெல்லாம் வலி கண்டுடும்!"

பலோமா ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. பிறகு யாரும் ஓட்டாமலே ஊர்ப்பக்கம் திரும்பி, சுறுசுறுப்பாக நடக்க ஆரம்பித்தது.

இருவரும் அதன் பின்னால் நடந்தார்கள்.

"மாமா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு இந்த வழி தெரியவே தெரியாது. பலோமா போன பக்கம்தான் நானும் வந்தேன்." ருஃபீனோ மெதுவாகச் சொன்னான். "அதுக்கு எப்படி மாமா தெரிஞ்சுது? கல் ஏத்தாம வீடு திரும்பிப் பழக்கமே இல்ல போலிருக்கே?"

எவாரிஸ்தோ பிடரியைத் துடைத்தார். இடுப்பைத் தடவினார்.

"அது கிடக்கட்டும். கல்யாணத்தை எங்க வச்சுக்கலாம் மாப்பிள்ளை?"

"உங்க கல்வீட்டுலயே வச்சுக்கலாம் மாமா. கடையில இருந்த எல்லாரையும் கூப்பிடணும், அரண்மனையைக் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்ல!"