தேன்மொயி

பரணி எழுந்து பால் காய்ச்சினான். காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தயாநிதியின் குரல் கேட்டது. பரணியின் மனைவி தேன்மொழி இறந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் யாரும் சிரிப்புக்காட்டியதில்லை. "டேய் பரணி, எத்தன நாளுக்குடா இப்படியே இருப்ப? தமிழய்யா மாதிரி ஒரு 'தமிய் வாய்க' போடு. உன் மாமனார் மேலேருந்து கேட்டா கேட்டுட்டுப் போறாரு."

தமிழாசிரியராக இருந்தும் அவருக்கு ழகரம் வராது. பெற்ற மகளையே 'தேன்மொயி' என்றுதான் கூப்பிடுவார். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து பரணி அவர் குரலிலேயே பாடம் நடத்துவான், வகுப்பே குலுங்கும். அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பின்னாளில் அவர் மகளையே கட்டிக்கொண்டவன், அவளிடம் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள், "அப்பா கூப்பிடுற மாதிரி என்ன ஒரு தடவ கூப்பிடுங்களேன்" என்றாள்.

"எனக்கு எப்படி அது வரும்?" என்றான் பரணி.

அதற்கு அவள் சொன்னதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு.

"பரணின்னு ஒருத்தன் அச்சு அசலா என்ன மாதிரியே பேசுறான்னு அப்பா வீட்ல வந்து சொன்னாரு. அன்னியிலேருந்து தெனம் கண்ணாடி முன்னால நின்னு என் பேரச் சொல்லிச் சொல்லிப் பாப்பாரு. கடைசிவரைக்கும் வரவேயில்ல. பரவால்ல, நீங்க கூப்பிடுங்க."