ணுவா, ணாவா

பாரதி அந்த இடத்தைப் பதினோராவது முறையாகக் கேட்டாள்.

"என் பேரு கோவிந்தராசுங்க. ரெண்டு ஏக்கரா வச்சிருக்கேன். சொரங்கம் எனக்கு வே..."

அங்கே மைக் வீறிட்டது. இரண்டு வினாடி. அது அடங்கும்போது ஒரு 'ம்' மட்டும் மிஞ்சியது.

"...ம். அவ்ளோதாங்க."

பிறகு கைதட்டல்.

வேணும் என்றாரா, வேணாம் என்றாரா?

நடுவில் ஓர் எழுத்து. ணுவா, ணாவா.

கடலூர்ப் பக்கம் அரசாங்கத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை இன்னும் ஐந்து ஊர்களுக்கு விரிக்கப்போகிறார்கள். அதற்காக நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் ஒலிப்பதிவு கை மாறிக் கை மாறி, நெல்லித்தோப்பில் ஜிஸ்லேன் அம்மாள் நடத்தும், பாரதி வேலை பார்க்கும் தட்டச்சு நிலையத்துக்கு வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ்களையும் கல்யாணப் பத்திரங்களையும் பிரெஞ்சில் மாற்றிக் கொடுக்கிற இடம். இப்படியொரு வேலை இதுவரை வந்ததில்லை.

பேசியவர்கள் முந்நூற்றுப் பதினாறு பேர். சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில் ஆதரவு அல்லது எதிர்ப்பு என்று போட வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

முந்நூற்றுப் பதினைந்து பேர் முடிந்துவிட்டார்கள்.

ஜிஸ்லேன் வந்து ஹெட்போனை ஒரு காதில் வைத்துக் கேட்டார்.

"வேணும்ங்கிறான்."

இன்னொரு முறை கேட்டார்.

"இல்ல, வேணாம்ங்கிறான். யாரும்மா இந்த ஆளு, வாயில கொழுக்கட்டையா?"

பாரதி ஒலிப்பதிவைப் பின்னுக்கு இழுத்தாள். அந்த ஆள் அவளுடைய அப்பா.

"கேக்கலன்னு போட்டுடட்டா மதாம்?"

"போட்டா முழுசையும் திருப்பி அனுப்புவான். மைக்கப் புடிச்சவன் ஏதாவது ஒண்ணு சொல்லித்தான இருப்பான்? நல்லாக் கேளு."

பாரதி நன்றாகக் கேட்டாள். சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். வேகத்தைப் பாதியாக்கினாள். அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மைக்கின் அலறல் மாட்டுக் குரலாக நீண்டது.

அடித்து முடித்த பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவார்கள். ஆதரவு என்றிருந்தால், சுரங்கமே கூடாது என்கிற பெரியப்பா அதோடு பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஒரே போரில்தான். எதிர்ப்பு என்றிருந்தால் அண்ணன் வெற்றிவேல் வீட்டில் சாப்பிடமாட்டான். வீட்டுக்கு ஒருவருக்குச் சுரங்கத்தில் வேலை என்று எவரோ சொன்னதிலிருந்து அவன் வேறு எந்த வேலைக்கும் போகவில்லை.

ஊரைவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருடமாகிறது. ஊர்ச் சண்டை எதிலும் அவள் வாய் கொடுத்ததில்லை. இப்போது எழுதப்போவது அவள் கை.

அப்பா எதைச் சொல்லக்கூடியவர் என்று யோசித்துப் பார்த்தாள்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது, "போருல தண்ணி எங்க இருக்குது, குடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். அப்படியானால் ணு.

அன்று சாயங்காலமே கொல்லைக்கு அழைத்துப் போய்ப் புதிதாக வைத்த பலாக்கன்றைக் காட்டினார். காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். போகிறவன் பலா வைப்பானா? அப்படியானால் ணா.

ஆனால் நிலத்தை அளக்கும்போது மரத்தையும் எண்ணிக் காசு தருவார்கள் என்று வெற்றிவேல் சொல்லியிருந்தான். அப்பா எதற்காக வைத்தார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

கைதட்டலை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்த்தாள். மற்றவர்களுக்கெல்லாம் பாதிக் கூட்டம் தட்டியது, பாதிக் கூட்டம் கூச்சல் போட்டது. அப்பாவுக்கு மட்டும் கூச்சலே இல்லை. எல்லாரும் தட்டினார்கள்.

அது இன்னும் குழப்பியது.

ஜிஸ்லேன் சாப்பிடப் போனதும் இடத்தைவிட்டு எழாமல் ஊருக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அன்னைக்குக் கூட்டத்துல நீ என்னா சொன்ன?"

"ஏன், பேப்பர்ல எதுனா வந்திருக்குதா?"

"அத இங்க நான்தான் எழுதிட்டிருக்கேன். உன்கிட்ட வரும்போது மைக் கத்திடுச்சி. கேக்கல."

அப்பா சிரிப்பது போலிருந்தது.

"அது தானா கத்தலம்மா. நான்தான் கையால பொத்துனேன்."

"எதுக்கு?"

"இந்தாண்ட உங்கண்ணன் நிக்கிறான். அந்தாண்ட உங்க பெரிப்பா நிக்கிறாரு. ரெண்டு பேரும் என் வாயையே பாக்குறாங்க. என்னா பண்ணச் சொல்ற?"

"சரி, பொத்திக்கினு என்னா சொன்ன? அதச் சொல்லு, நான் அடிச்சிடுறேன்."

"முன்னாடி ஒரு வே. பின்னாடி ஒரு ம். நடுவுல ஒண்ணும் சொல்லலம்மா."

பாரதி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எதுனா ஒண்ணு போட்டுத்தான் ஆவணும்ப்பா. காலியா அனுப்ப முடியாது."

"அப்ப நீயே பாத்து ஒண்ணு போட்டுடு."

"எதப்பா?"

அவர் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த ஓர் எழுத்தை அவள் தட்டும் சத்தத்துக்காக அவர் காத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.