லைன் போயிடுச்சு

“கம்பியில வர்றதை நம்பு, காத்துல வர்றதை…” என்று மேனேஜரின் பெரியப்பா, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர், ஏதோ சொல்வார். பின்பாதி மேனேஜருக்கு மறந்துவிட்டது. ஆனால் வீட்டிலிருந்து மீட்டிங் என்றால் அவர் வைஃபையை நம்பமாட்டார். ஹாலிலிருந்து நீளமாக ஒரு நீலக் கேபிளை இழுத்து லேப்டாப்பில் செருகிவிட்டுத்தான் உட்காருவார்.

அன்றும் அப்படித்தான்.

திரையில் இரண்டு முகங்கள். ஒன்று எம்.டி. இன்னொன்று சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் அக்கா. குடோனில் எல்லாருக்கும் அவர் அக்காதான். மேனேஜருக்கும்.

“குளிர் வண்டியில போகவேண்டிய மருந்தை சாதா லாரியில ஏத்தியிருக்கீங்க. அத்தனையும் வீண்! என்ன நினைப்புல இருந்தீங்க?” எம்.டி. கத்தினார்.

“குளிர் வண்டி ரிப்பேராகி நின்னுடுச்சு சார். நானா ஏத்தலை. மேனேஜர் சாருக்கு போன் போட்டுக் கேட்டேன். பக்கத்து ஊர்தானே, ஏத்துங்கன்னார்.”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “அக்கா நல்ல உழைப்பாளி சார். கொஞ்ச நாளா மறதி, அவ்வளவுதான். பெரிசு பண்ணவேண்டாமே…”

“அதை விடுங்க. உங்களைக் கேட்டாங்களா, இல்லையா? இல்லைன்னா இன்னிக்கே அவங்களை வேலையை விட்டு அனுப்பறேன்.”

மேனேஜரின் கை மெல்ல லேப்டாப்பின் பக்கவாட்டுக்குப் போனது. படக்கென்று கேபிளைப் பிடுங்கினார்.

படம் உறைந்தது. எம்.டி.யின் வாய் திறந்தபடியே நின்றது.

“அப்பாடா!” நாற்காலியோடு திரும்பினார்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “என்னங்க, மீட்டிங் முடிஞ்சுதா?”

“நான் முடிச்சுட்டேன். நெட் போச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“ஏனாம்?”

“அந்த மருந்தை ஏத்தச் சொன்னது நான்தான். ஒத்துக்கிட்டா என் சீட்டு கிழிஞ்சுடும். அக்கா போனா போகட்டும். போன்ல சொன்னதுக்கு சாட்சியா இருக்கு?”

மனைவியின் கையிலிருந்த துண்டு நழுவியது.

“அட, மனுஷனா நீங்க? அவங்க ஒரு ஆள் சம்பாத்தியத்துலதானே அந்த வீடே ஓடுது!”

“நம்ம வீடு மட்டும் தண்ணியிலயா ஓடுது?”

“சார்…”

குரல் லேப்டாப்பிலிருந்து வந்தது.

மேனேஜர் தூக்கிவாரிப்போடத் திரும்பினார். திரையில் உயிர் வந்திருந்தது. மூலையில் வைஃபையின் விசிறிக் குறி, முழுசாக.

“காலையில எங்கம்மாகிட்ட பேச லேப்டாப்பை சமையலறைக்கு எடுத்துட்டுப் போனேன்ல…” மனைவி கிசுகிசுத்தாள். “வைஃபையை அணைக்க மறந்துட்டேன். கேபிள் போனா அது தானா பிடிச்சுக்குமே…”

எம்.டி.யின் நாற்காலி காலியாக இருந்தது. டெஸ்பாட்ச் அக்கா மட்டும் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்.டி. வேற போன் வந்து வெளிய போயிருக்கார் சார். நீங்க பேசினது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு.”

“எ… எவ்வளவு?”

“எல்லாமே.”

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பதறிப்போய் கேமராவை அணைத்தார். மைக்கையும் அணைத்தார்.

எம்.டி. வந்து உட்கார்ந்தார். “என்ன, ஆளையே காணோம்? லைன்ல வந்தாரா? ஏதாவது சொன்னாரா?”

மேனேஜர் கண்களை இறுக மூடிக்கொண்டார். போச்சு. எல்லாம் போச்சு.

டெஸ்பாட்ச் அக்காவின் குரல் கேட்டது.

“அவருக்கு லைன் போயிடுச்சு சார். கொஞ்சம் பொறுங்க. வந்ததும் உண்மையை அவரே சொல்லுவார்.”

மேனேஜர் கண்ணைத் திறந்தார். கேமராவைப் போட்டார். மைக்கைப் போட்டார்.

“கேட்டாங்க சார். ஏத்தச் சொன்னது நான்தான்” என்றார்.