ஜெபக்குறிப்பில் ஒரு குழந்தை

"இவ பண்றது கொஞ்சம் ஓவர்தான்," என்று நர்ஸ், பக்கத்தில் இருந்த தையல்காரியின் காதைக் கடித்தாள். ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் முழங்காலில்தான் இருந்தார்கள். புதிதாக வந்தவள் மட்டும் நெற்றி தரையில் படும்படி குனிந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

அந்த அழுகை யாருக்காக என்று பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக. போனில் சுற்றி வந்த ஜெபக்குறிப்பு அது. சின்னப் பெண் குழந்தை, இதயத்தில் ஓட்டை, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள், தயவுசெய்து ஜெபியுங்கள், மற்றவர்களுக்கும் அனுப்புங்கள் என்று நாலே வரி. கீழே ஒரு போன் நம்பர்.

அதைக் கூட்டத்தில் வாசித்தவர் ஸ்பீக்கர் அக்கா. அவர் வீட்டு முன்னறையில்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டம். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் மாடி வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள், அதனால் வந்த பெயர்.

உலகத்தில் எங்கே வெள்ளம், எங்கே சண்டை, யாருக்கு ஆபரேஷன், எல்லாம் அக்காவின் போனுக்கு வந்துவிடும். ஒன்றுவிடாமல் வாசிப்பார். குணமான செய்தி வந்தால் ஸ்தோத்திரம் சொல்லி அந்தக் குறிப்பை முடிப்பார்கள். செய்தி வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே குறிப்புக்கு முழங்கால் போட வேண்டும், அது அங்கே சட்டம்.

அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. அதனால் வாரா வாரம் அதற்காக ஜெபித்துக்கொண்டே இருந்தார்கள்.

புதியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தனி ஆள், ஊர் மாறி வந்து அதிக நாளாகவில்லை. முதல் தடவை வந்தபோது எப்போதடா கிளம்பலாம் என்பதுபோல் வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு இந்தக் குறிப்பை வாசித்தார்கள். அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் வராமல் இருந்ததில்லை.

நர்ஸுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தன் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குப் போனபோது இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? யாரோ பெற்ற பிள்ளைக்கு மட்டும் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?

"ஆபரேஷன் ரூம் கதவை மூடறப்போ அவ திரும்பிப் பார்ப்பா ஆண்டவரே," என்றாள் புதியவள், தலையைத் தூக்காமல். "அந்த நேரம் நீங்க அங்க நில்லுங்க."

ஸ்பீக்கர் அக்காவே அன்றைக்கு மெதுவாகத்தான் ஆமென் சொன்னார்.

எழுந்து உட்கார்ந்ததும் டீ வந்தது. நர்ஸ் அதற்குமேல் அடக்கி வைக்கவில்லை. இதே மெசேஜ், ஒரு எழுத்து மாறாமல், அவள் ஆஸ்பத்திரி குரூப்பில் எப்போதோ வந்துவிட்டதாம், போன வருஷமோ அதற்கு முன்னாலோ. அது பாட்டுக்குச் சுற்றி வருகிறது, நாமும் விவரம் தெரியாமல் முழங்காலைத் தேய்க்கிறோம், இன்றோடு இந்தக் குறிப்பை எடுத்துவிடலாம் என்றாள்.

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தொண்டை கட்டக் கட்ட ஜெபித்தவர் அவர்தானே, பாவம். முடிந்துபோன காரியத்துக்கு ஜெபித்தால் ஆண்டவர் அந்த ஜெபத்தை என்ன செய்வார் என்று தையல்காரி கேட்டாள். நல்ல கேள்விதான். பாஸ்டரைக் கேட்கலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

"எடுக்க வேணாம்க்கா," என்றாள் புதியவள். "ஜெபிக்கறதுல நமக்கு என்ன குறைஞ்சு போகுது?"

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். வேறு எந்தக் குறிப்பை வேண்டுமானாலும் எடுங்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கெஞ்சினாள். நர்ஸ் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். மெசேஜைக் கிளப்பிவிடுவதே இவள்தானோ என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஸ்பீக்கர் அக்கா நியாயம் தெரிந்தவர். அந்த நம்பருக்கே பேசிவிட்டால் போச்சு என்று போனை எடுத்தார். புதியவள் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தும் அவர் கேட்கவில்லை. நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

அக்கா போனைக் கீழே வைத்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"நாம ஏன் தப்பாவே நினைக்கணும்? பழைய மெசேஜ்னா ஆபரேஷன் எப்பவோ முடிஞ்சிருக்குமே. இந்நேரம் அந்தக் குட்டி பையை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கும்."

அறையில் எல்லோருக்கும் உயிர் வந்தது. நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். ஸ்தோத்திரம் சொல்லி இன்றைக்கே இந்தக் குறிப்பை முடித்துவிடுவோம் என்றார் அக்கா. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். குழந்தை பிழைத்த சந்தோஷத்தில் தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதியவள் கைதட்டவில்லை. பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

நர்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வாரம் அழத் தெரிந்தவளுக்கு, பிள்ளை பிழைத்ததற்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள். கைதட்டல் நின்றது.

ஸ்பீக்கர் அக்கா போய் அவள் தோளைத் தொட்டார். அந்தக் குரல் அவ்வளவு தணிந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏம்மா, அந்தக் குழந்தை நல்லாயிருக்கறதுல உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடித்துவிட வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீங்க ஜெபிக்கிற நேரம் மட்டும்தான்க்கா என் பொண்ணு உயிரோட இருக்கா."