வாஸ்லின் டப்பா

சப்-இன்ஸ்பெக்டர் அப்புசாமி துப்பாக்கிக் குழலுக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரல் நுனி செங்காவியாக இருந்தது.

"என்னய்யா இது?"

"துருங்க ஐயா" என்றார் கான்ஸ்டபிள் அம்மாசி.

"அது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு துப்பாக்கி, பன்னிரண்டிலும் துரு! நாளைக்குச் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்ப்பார். நான் என்ன பதில் சொல்றது?"



ஸ்டேஷன் துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பது பதினேழு வருஷமாக அம்மாசியின் வேலை. குழலைச் சுத்தமாகத் துடைத்து வாஸ்லின் பூசி வைத்தால் அடைமழையிலும் துரு அண்டாது. அதற்கென்றே மாதம் ஒரு பெரிய டப்பா வாஸ்லின் சேலத்திலிருந்து வரும்.

அப்புசாமி இன்னொரு துப்பாக்கியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"பலகாரக் கடை வாசனை அடிக்குதே?"

"கடலெண்ணெய்ங்க."

"சர்க்கார் துப்பாக்கிக்குக் கடலெண்ணெயா! வாஸ்லின் எங்கே?"

"தீந்து போச்சுங்க."

"டப்பா வந்து பத்து நாள்தானே ஆச்சு! வித்துட்டியா?"

"இல்லீங்க."

"பின்னே?"

மேஜையில் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் மாரியப்பன் தலையைத் தூக்கினார்.

"டப்பாவைச் சட்டைக்குள்ளார ஒளிச்சு எடுத்துட்டுப் போனாருங்க ஐயா. நாலஞ்சு தடவை நானே பாத்தேனுங்க."

அப்புசாமி துப்பாக்கியை மேஜைமேல் தடாலென்று போட்டார்.

"யுத்த காலம். ஊரெல்லாம் கலகம். நாளைக்கு ஒரு கூட்டம் கல்லை எடுத்துக்கிட்டு வந்தா, இந்தக் குழாயை வெச்சு அடுப்பு ஊதறதா? குழல் வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் கண்ணு போயிடும்! திருடன்கூடத் தன் கன்னக்கோலைச் சுத்தமா வெச்சிருப்பான்யா! உனக்குச் சம்பளம் எதுக்கு?"



அப்புசாமி விடுவதாக இல்லை. போலீஸ் லைனில் இருந்த அம்மாசியின் வீட்டுக்கு நேரே போனார். அடுப்படி வரை தேடினார். வாஸ்லின் இல்லை. கடலெண்ணெய்ச் சாடியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"சமையலுக்குக்கூட எண்ணெய் இல்லையா?"

"துப்பாக்கிக்கு வேணும்னு அவருதானுங்க வழிச்சு எடுத்துட்டுப் போனாரு" என்றாள் அம்மாசியின் மனைவி குஞ்சம்மாள். "ஒரு வாரமா ஊட்ல தாளிக்கறதே இல்லீங்க சாமி."

இது என்ன கூத்து? வாஸ்லினைத் திருடுகிறவன் வீட்டு எண்ணெயைக் கொண்டுவந்து எதற்குக் கொட்டுகிறான்? அப்புசாமிக்குப் புரியவில்லை. புரியாததால் கோபம் இரண்டு மடங்கானது.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் கத்தினார். "ரைட்டர், சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி ரிப்போர்ட் எழுதுங்க!"

அந்த நேரத்தில் சேலம் கோர்ட்டுக்குக் கைதிகளை ஏற்றிப்போக வேன் வந்து நின்றது.

நாலு பேரும் நெசவாளிகள். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிப் புதுச்சத்திரம் ரோட்டில் தந்திக் கம்பியை அறுத்தவர்கள். சப்-ஜெயிலில் இடமில்லாததால் பத்து நாளாக ஸ்டேஷன் லாக்கப்பிலேயே கிடந்தார்கள். பிடித்து வந்த அன்று தடியால் விளாசச் சொன்னவர் அப்புசாமிதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"சட்டையைக் கழட்டுங்கடா. சோதனை போடணும்."

கழற்றித் திரும்பி நின்றார்கள்.

தோளிலிருந்து இடுப்பு வரை நாலு முதுகும் வரிவரியாகக் கிழிந்திருந்தன. கிழிந்த இடமெல்லாம் வாஸ்லின் தடவி மினுமினுத்தது.

"யாருடா இதைப் போட்டது?"

நாலு பேரில் மூத்தவர் குழந்தைவேல். "தெரியாதுங்க" என்றார். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள்.

அம்மாசி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க ஐயா. துணி புண்ணுல ஒட்டிக்கிட்டு, கழட்டறப்பத் தோலோட வந்துச்சுங்க. மொதல்ல ஊட்ல இருந்த கடலெண்ணெயைத்தான் போட்டேன். எரியுதுன்னு துடிச்சாங்க. அதான், அதைத் துப்பாக்கிக்கும் துப்பாக்கியோடதை இவங்களுக்கும் மாத்திட்டேனுங்க."

அப்புசாமி அந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சட்டையைப் போட்டுக்கச் சொல்லு" என்றார்.

உள்ளே வந்து, ரைட்டர் எழுதி வைத்திருந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டார்.

"அம்மாசி! என் வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கு, போய் வாங்கிக்கோ. பொழுது சாயறதுக்குள்ள பன்னிரண்டையும் தேய்ச்சு வெச்சாகணும்!"

அதே கடுகடுப்போடு ரைட்டர் பக்கம் திரும்பினார்.

"சேலத்துக்கு எழுதுங்கய்யா. இந்த வருஷம் இங்கே ஈரம் ஜாஸ்தி, துப்பாக்கியெல்லாம் துருப்பிடிக்குது, ஒரு டப்பா வாஸ்லின் போதாது, மாசம் மூணு டப்பா அனுப்பணும்னு."